கேமியோ: தலைகாட்டிவிட்டுப் போகிறவர்

2012இல் வந்த ‘தி அமேசிங் ஸ்பைடர் மேன்’ படத்தில் ஒரு பள்ளி நூலகக் காட்சி உண்டு. வயதான நூலகர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இசையில் மூழ்கியபடி புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்பைடர் மேனும் பல்லி மனிதனும் நூலகத்தையே புரட்டிப்போட்டுச் சண்டை போடுகிறார்கள். மேசை பறக்கிறது. அவருக்கு எதுவும் தெரியாது. பாட்டு முடிந்ததும் எழுந்து நடையைக் கட்டுகிறார். வெள்ளை மீசை, பெரிய கண்ணாடி. யாரென்று தெரிந்தவர்கள் தியேட்டரில் கைதட்டினார்கள். ஸ்டான் லீ. ஜாக் கிர்பி, ஸ்டீவ் டிட்கோ போன்ற ஓவியர்களோடு சேர்ந்து மார்வெல் காமிக்ஸ் நாயகர்களில் பலரை உருவாக்கியவர். அந்த நாயகர்களின் படங்கள் பலவற்றில் இப்படி ஒரு கணம் வந்துபோனவர்.

இப்படி வந்துபோவதைத்தான் கேமியோ என்கிறோம். சூப்பர் ஹீரோ படம் ஒன்று வெளியானால் ரசிகர்கள் கேட்கும் முதல் சில கேள்விகளில் ‘இதில் யார் கேமியோ?’ என்பதும் ஒன்று. சொல் நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் அதன் பிறப்பு சினிமாவில் இல்லை, நகைக்கடையில்.

இத்தாலிய மொழியில் ‘கம்மேயோ’ என்றால் புடைப்பாகச் செதுக்கிய மணிக்கல். இரண்டு நிற அடுக்குள்ள கல்லையோ சங்கையோ எடுத்துக்கொள்வார்கள். மேலே வெளிர் நிறம், கீழே கருமையோ செம்மையோ. மேலடுக்கைச் செதுக்கி ஒரு முகத்தை மட்டும் நிறுத்திவிட்டு, மீதியைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். இருண்ட தளத்திலிருந்து வெண்முகம் ஒன்று எழுந்து நிற்கும். ரோமப் பேரரசர் அகஸ்டஸைக் காட்டும் பழைய கேமியோ ஒன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேப்பிள்ஸ் அருகே டோரே டெல் கிரேகோ ஊரில் இன்றும் சங்கில் இந்த வேலை நடக்கிறது.

நகைக்கான இந்தச் சொல்லை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தார் எழுத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்: சின்னதாக, கச்சிதமாக ஒரு ஆளைத் தீட்டிக் காட்டினால் அது கேமியோ. அப்புறம் மேடைக்குப் போனது. திரையில் அதைப் பரப்பியவர் தயாரிப்பாளர் மைக் டாட். 1956இல் அவர் எடுத்த ‘எண்பது நாட்களில் உலகைச் சுற்றி’ படத்தில் பெரிய நட்சத்திரங்களைச் சின்னச் சின்ன வேடங்களில் வரவழைத்தார். மதுக்கடையில் பியானோ வாசிக்கும் ஆள் ஒரு கணம் முகத்தைத் திருப்புவார். பார்த்தால் ஃபிராங்க் சினாட்ரா!

இந்தக் காட்சியையும் மணிக்கல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொல்லின் பொருத்தம் விளங்கும். கல்லில் முகம் பின்னணியைவிட்டு மேலே எழுகிறது. திரையிலும் அப்படித்தான், நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு முகம் கதையைவிட்டு ஒரு கணம் மேலே எழுகிறது. பெயர் தெரியாத ஒருவர் அதே பியானோவை வாசித்திருந்தால் அது வெறும் சின்ன வேடம். ஆக, கேமியோவுக்கு வேண்டியவை இரண்டு: குறுகிய நேரம், பார்த்ததும் அடையாளம் தெரிகிற ஆள். ‘டெட்பூல் 2’ படத்தில் கண்ணுக்குத் தெரியாத மனிதன் ஒருவன் மின்கம்பியில் விழுகிறான். அப்போது ஒரு நொடி மட்டும் பிராட் பிட்டின் முகம் மின்னி மறையும். அந்த ஒரு நொடி போதும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம் படங்களின் எழுத்துப்போடும் இடத்தில் ‘கௌரவத் தோற்றம்’, ‘சிறப்புத் தோற்றம்’, ‘நட்புக்காக’ என்றெல்லாம் வரும். இவை நல்ல வழக்குகள், ஆனால் கேமியோவுக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். கௌரவத் தோற்றம் என்பது நடிகருக்குத் தரும் மரியாதை. கால் மணி நேரம் வந்தாலும் அப்படிப் போடலாம். சிறப்புத் தோற்றத்தில் ஒரு முழுப் பாட்டுக்கு ஆடிவிட்டும் போகலாம். ‘நட்புக்காக’ ஏன் வந்தார் என்று சொல்கிறது, எப்படி வந்தார் என்று சொல்லவில்லை.

நம் வாயில் தினமும் புழங்கும் ஒரு சொல் இருக்கிறது: தலைகாட்டுதல். ஒரே முகூர்த்த நாளில் மூன்று கல்யாணம் இருந்தால் என்ன செய்வோம்? ‘எல்லாத்துக்கும் தலையைக் காட்டிட்டு வந்துடலாம்’ என்போம். போய் உட்கார்ந்து பந்தி வரைக்கும் இருக்கத் தேவையில்லை. ஆனால் ‘வந்தார்’ என்று வீட்டார் கண்ணில் பட வேண்டும். குறுகிய நேரம், தெரிந்த முகம், இரண்டும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. இயக்குநர் கே.எஸ். ரவிக்குமார் தன் படங்களில் ஒரு காட்சியிலாவது தலைகாட்டுவார் என்று நாம் பேசுவதும் இந்தப் பொருளில்தான். பெயர்ச்சொல்லாகத் ‘தலைகாட்டல்’ என்று எழுதலாம். ‘வெளியில் தலைகாட்ட முடியவில்லை’ என்று அவமானத்துக்கும் இதே சொல்தானே என்று கேட்பார்கள். அங்கே அவமானத்தைச் சொல்வது ‘முடியவில்லை’; தலைகாட்டுவதில் ஒரு குறையும் இல்லை.

முகூர்த்த நாள் உவமையை நான் சும்மா சொல்லவில்லை. அத்தனை படங்களுக்கும் ஸ்டான் லீ தனித்தனியாகப் படப்பிடிப்புக்குப் போனாரா என்று ரசிகர்கள் கேட்பதுண்டு. 1922இல் பிறந்தவர், தொண்ணூறைத் தாண்டிய வயதில் அடிக்கடி பயணம் செய்வது சிரமம். அதனால் சில படங்களுக்கான காட்சிகளை ஒரே நாளில் சேர்த்து எடுத்தார்கள். ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ படத்தின் இயக்குநர் ஸ்காட் டெரிக்சன். ஆனால் அதில் பேருந்தில் உட்கார்ந்து புத்தகம் படித்துச் சிரிக்கும் ஸ்டான் லீயைப் படம்பிடித்தவர் ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ இயக்குநர் ஜேம்ஸ் கன். ஒரே நாளில் மூன்று கல்யாணம் போலத்தான்.

எல்லாப் படத்திலும் ஸ்டான் லீ போடுவது ஒரே பாத்திரத்தின் வேடம்தானா என்பது இன்னொரு கேள்வி. 2017இல் ‘கார்டியன்ஸ்’ இரண்டாம் பாகத்தில் கன் இதற்கு ஒரு பதில் வைத்தார். விண்வெளி உடையில் ஸ்டான் லீ, அண்டத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும் வாட்சர்களிடம் தன் பூமி அனுபவங்களைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். தான் கூரியர்காரராக இருந்த கதையும் அதில் வரும். ரசிகர்கள் விடுவார்களா? அவர் கூரியர் கொண்டுவந்த ‘சிவில் வார்’ படத்தின் கதை இதற்குப் பிந்தைய காலத்தில் அல்லவா நடக்கிறது என்று பிடித்துக்கொண்டார்கள். கன் தன் பிழையை ஒப்புக்கொண்டு, ஸ்டான் லீ அந்தக் கூரியர்காரர் வேடத்தை ஒரு தடவைக்கு மேல் போட்டிருக்கலாம் என்று சமாளித்தார். ஒரு நிமிடக் காட்சியை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்களே என்று எனக்கு அவர்கள்மேல் மதிப்புத்தான் வந்தது.

2018 நவம்பர் 12 அன்று, 95 வயதில் ஸ்டான் லீ காலமானார். அடுத்த ஆண்டு ‘கேப்டன் மார்வெல்’ தொடங்கியபோது, வழக்கமாக நாயகர்கள் வரும் மார்வெல் முத்திரைக்குள் அவருடைய தலைகாட்டல்களையே வரிசையாகக் கோத்து ‘நன்றி, ஸ்டான்’ என்று போட்டார்கள். அடுத்து வந்த ‘எண்ட்கேம்’ படத்தில் 1970ஆம் ஆண்டுக் காட்சி ஒன்றில் நீண்ட தலைமுடியோடு, கணினியால் இளமையாக்கிய முகத்தோடு, ராணுவ முகாம் வாசலைத் தாண்டி ஒரு கார் ஓட்டிப் போகிறார். போரை விட்டு அன்பு செய்யுங்கள் என்று கத்திவிட்டு நிற்காமல் போய்விடுகிறார். மார்வெல் படங்களில் அவர் நேரில் தலைகாட்டியது அதுவே கடைசி.