முதியோர் வகுப்பில் அறை என்ன செய்கிறது?

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், பள்ளிக்கூடக் கட்டடத்தில் இரவு ஏழரை மணிக்கு நடக்கும் எழுத்தறிவு வகுப்பில் சில மாதங்கள் தன்னார்வலராகப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். வந்தவர்களில் பெரும்பாலோர் நாற்பதைக் கடந்த பெண்கள். சிலர் தறி ஓட்டுபவர்கள், சிலர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிச் செக்கிங் வேலைக்குப் போய் வருபவர்கள். அவர்களில் ஓர் அம்மா, 'பல்' என்று அச்சிட்டிருந்ததை மூன்று நாளாகப் 'பல' என்றே படித்தார். "வயசாயிப்போச்சுங்க சார், மண்டையில ஏற மாட்டேங்குது" என்று நான்காம் நாள் புத்தகத்தை மூடிவிட்டார். வகுப்பு முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது, அங்கிருந்த டியூப் லைட்டுக்கு நேர் கீழே நின்று, கையை நன்றாக நீட்டி அதே பக்கத்தைப் பிடித்துப் பார்த்தவர், பிசகில்லாமல் 'பல்' என்றார். மெய்யெழுத்தின் புள்ளி அவருக்குத் தெரிந்தே இருந்தது. உட்கார்ந்திருந்த இடத்தில் அது கண்ணுக்குத் தென்படவில்லை, அவ்வளவுதான்.

பெரியவர்கள் கற்கத் தடுமாறினால் வயதின்மேல் பழி போடுவது எல்லோருக்கும் எளிது, கற்பவருக்கும்கூட. ஆனால், எழுத்தறிவு என்பது முதிர்ந்த மூளையையும் மாற்றுகிறது. பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் குழுவினர் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பேரின் மூளைச் செயல்பாட்டைப் படமெடுத்து ஆராய்ந்து, 2010-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். எழுத்தைக் கண்டதும் தூண்டப்படும் பார்வைப் பகுதி, சிறுவயதில் பள்ளி சென்றவர்களிடம் மட்டுமன்றி, வளர்ந்த பிறகு படிக்கக் கற்றவர்களிடமும் உருவாகியிருந்தது. அளவில் குறைவாக இருந்தாலும் மாற்றம் நிகழ்ந்திருந்தது. ஆகவே, வயதுக்கு முன்பு விசாரிக்க வேண்டிய சந்தேக நபர் ஒருவர் உண்டு: அவர்கள் உட்கார்ந்திருக்கும் அறை.

அறை எப்படிக் கற்றலில் தலையிடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளச் செயல்நினைவு என்ற கருத்து வேண்டும். 1974-இல் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் முன்வைத்த இக்கருத்தின்படி, கேட்டதையும் பார்த்ததையும் சில விநாடிகள் தாங்கி வைத்துக்கொண்டு அவற்றோடு வேலை செய்யும் ஓர் இடம் மனத்தில் இருக்கிறது. அதில் ஒரே நேரத்தில் சுமார் நான்கு உருப்படிகளே நிற்கும் என்று 2001-இல் நெல்சன் கோவன் மதிப்பிட்டார். பருத்தி எடுக்கும் பெண்கள் சேலையில் கட்டிக்கொள்ளும் மடியை நினைத்துக்கொள்ளலாம். மடி சிறியது, நிறைந்ததும் சாக்கில் கொட்ட வேண்டும். சாக்கு, அதாவது நீண்டகால நினைவு, எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரு தடவையில் மடி கொள்ளும் அளவுதான் அதற்குள் போகும். புதிதாகப் படிப்பவர் 'ப', 'ல்' என்று இரண்டு எழுத்தைத் தனித்தனியே பிடித்து, ஒலியாக்கி, சேர்த்து, பொருளைத் தேடும்போதே மடி நிறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் சரியாகக் காதில் விழாத சொல்லை ஊகிக்கும் வேலையும், மங்கிய எழுத்தை உற்றுப் பார்க்கும் வேலையும், பக்கத்தில் இருப்பவர் சிரிப்பாரோ என்ற கவலையும் அதே மடியில்தான் விழுகின்றன.

ஒலியில் தொடங்குகிறேன், எங்கள் வகுப்பில் அதிகம் கெடுத்தது அதுதான்.

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் ஒருவர் பேசினால் மற்றவருக்குப் புரியவில்லை என்று புகார் எழுந்தது. அதை ஆராயும் பொறுப்பு வாலஸ் சேபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியருக்கு வந்தது. பேசிய சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆவதை அவர் கண்டார்; அதற்குள் பேசுபவர் இன்னும் பல சொற்களைச் சொல்லிவிட்டிருப்பார், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். சேபின் இரவு நேரங்களில் அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அரங்கில் அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்து, விடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அந்த உழைப்பில் பிறந்த சூத்திரம் எளிமையானது: அறையின் கன அளவைக் கனமீட்டரில் எடுத்து 0.161-ஆல் பெருக்கி, அறையில் ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபெல் (ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு) தணிய ஆகும் நேரம், அதாவது எதிரொலி நேரம், விநாடியில் கிடைக்கும்.

நம் பள்ளிகளில் வழக்கமான இருபதுக்கு இருபது அடி அறையை இதில் போட்டுப் பார்க்கலாம். நீளமும் அகலமும் 6 மீட்டர், உயரம் 3.3 மீட்டர் என்றால் கன அளவு சுமார் 119 கனமீட்டர். சிமென்ட் பூச்சும் கான்கிரீட் கூரையும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். மீதி அப்படியே திரும்பி வரும். காலி அறையில், கதவு சன்னல்களைச் சாத்திவிட்டால், எதிரொலி நேரம் நான்கு விநாடியைத் தாண்டுகிறது. பதினைந்து பேர் வந்து உட்கார்ந்தால், அவர்கள் உடலும் உடையும் உறிஞ்சுவதால் ஒன்றே முக்கால் விநாடிக்கு இறங்குகிறது. இந்த அளவுள்ள வகுப்பறைக்கு அமெரிக்கத் தரநிலை அனுமதிப்பது, ஆளில்லாத நிலையிலேயே 0.6 விநாடி.

பின்சுவரில் இரண்டு பவானி ஜமுக்காளங்களை, சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு, மடிப்பு விழும்படி தொங்கவிட்டால் ஒன்றே முக்கால் ஏறத்தாழ ஒன்றேகாலாகக் குறையும் என்று கணக்கு சொல்கிறது. துணிக்குள் காற்று அசையும்போது ஒலியின் ஆற்றல் நூலிழைகளுக்கிடையே உராய்ந்து வெப்பமாகிவிடுகிறது. இடைவெளி விட்டால் காற்று தாராளமாக அசைவதால் உறிஞ்சல் கூடுகிறது. திருப்பூர்ப் பக்கம் என்றால், மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் கட்டிங் வேஸ்ட் துணியும் இதே வேலையைச் செய்யும். (தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்பதை மறந்துவிட்டு மின்கம்பிக்குப் பக்கத்தில் அடுக்கிவிடக் கூடாது.)

எதிரொலி ஒரு பங்கு என்றால், வெளியிரைச்சல் மறுபங்கு. சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபெல் இருக்கும். பின்னணி இரைச்சலைவிடப் பேச்சு 15 டெசிபெல்லாவது மேலே நின்றால்தான் ஊகிக்காமல் கேட்க முடியும் என்பது ஒலியியலார் பின்பற்றும் அளவு. சாலைக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன் ஓடும் ஊரில், திறந்த சன்னல் வழியே 50 டெசிபெல் வந்துவிட்டால், நேராக வரும் பேச்சு தூரத்தில் தணிவதால், கடைசி வரிசைக்கு அதுவும் தறியும் கிட்டத்தட்டச் சமமாகவே போய்ச் சேரும்.

இதில் கற்பவரின் காதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பகல் முழுவதும் விசைத்தறியருகே நின்றவரின் காது, வேலை முடிந்த பிறகும் சில மணி நேரம் மந்தமாகவே இருக்கும். ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் நிரந்தரக் கேட்புக்குறை ஏற்படும். அது முதலில் தாக்குவது 4,000 ஹெர்ட்ஸை (விநாடிக்கு 4,000 அதிர்வை) ஒட்டிய ஒலிகளை. உயிரொலிகளின் வலு தாழ்ந்த அலைவெண்களில் இருப்பதால் அவை தப்பிவிடுகின்றன. மெய்களை வேறுபடுத்திக் காட்டும் நுட்பங்கள் 2,000 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் மெலிதாக இருப்பதால் முதலில் அடிபடுகின்றன. 'வலி', 'வளி', 'வழி' ஆகிய மூன்றிலும் உயிரொலிகள் ஒன்றே. அந்தக் காதுக்கு, அந்த அறையில், மூன்றும் ஒரே சொல்லாகத்தான் விழும். "ழகரத்தைக் கவனியுங்கள்" என்று நான் எத்தனை முறை சொன்னாலும், கவனிப்பதற்கான ஒலி அங்கு வந்து சேரவில்லை.

கற்பிப்பவருக்கும் இதே இரைச்சல் ஒரு வேலை செய்கிறது. சுற்றிலும் சத்தம் கூடினால் பேசுபவரின் குரல் தன்னையறியாமல் உயரும் என்பதை 1911-இல் எத்தியேன் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எடுத்துக்காட்டினார். உயர்ந்த குரலில் பெருகுவது பெரும்பாலும் உயிரொலிதான்; மெய்யொலி அந்த அளவுக்குப் பெருகாது. எனவே, கத்திப் பேசுவதால் தெளிவு அதே அளவுக்குக் கூடுவதில்லை. தொனி மட்டும் மாறுகிறது. ஐம்பது வயதுக்காரரிடம் முப்பது வயதுக்காரர் உரத்த குரலில் "மறுபடியும் படிங்க" என்றால், அது அதட்டலாகவே கேட்கும். நான் யாரையும் அதட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தம் செல்போனில் பதிந்திருந்த என் குரலைக் கேட்ட பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

இனி வெளிச்சம். பத்து வயதுக் குழந்தை பத்து சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் உள்ள எழுத்தைத் தெளிவாகப் பார்க்கும். கண்ணின் வில்லை ஆண்டுதோறும் விறைத்துக்கொண்டே வருவதால், ஐம்பதில் அந்தக் கிட்டப்புள்ளி அரை மீட்டருக்கு அருகே போய்விடுகிறது. கண்மணி சுருங்கி, வில்லையும் மஞ்சளடைவதால், அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு இருபது வயதுக்காரருக்குக் கிடைக்கும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் சேர்கிறது. ஐரோப்பிய ஒளியமைப்புத் தரநிலையின் 2011-ஆம் ஆண்டுப் பதிப்பு, பள்ளி வகுப்பறைக்கு 300 லக்ஸ் (ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) போதும் என்று சொல்லிவிட்டு, மாலை நேர முதியோர் வகுப்புக்கு 500 லக்ஸ் கேட்டது. பகலில் சன்னல் ஒளியை நம்பிக் கட்டிய நம் வகுப்பறையில் இரண்டு 20 வாட் எல்இடி டியூப்கள் இருந்தால், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2,000 லூமன் (விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அளவு) தந்து, அதில் பாதி மேசைமட்டத்துக்கு வந்தாலும், அறை முழுக்கப் பரவும்போது மிஞ்சுவது 55 லக்ஸ் அளவுதான். தமிழ் எழுத்தில் புள்ளிக்கும், 'கி'யைக் 'கீ' ஆக்கும் சிறு சுழிக்கும் உள்ள முக்கியத்துவத்தை எண்ணிப் பார்த்தால், இந்தப் பற்றாக்குறை எங்கே கடிக்கும் என்பது விளங்கும். 500 லக்ஸுக்குப் பதினெட்டு டியூப் வாங்க வழியில்லாத இடத்தில், எல்லோரையும் இருக்கிற விளக்கின் அடியில் நெருங்கி உட்காரச் சொல்லலாம். நீண்ட குழல்விளக்கை நோக்கிய தூரம் பாதியானால் வெளிச்சம் இரட்டிப்பதற்குக் குறையாது.

காற்றைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. நான் சற்று எச்சரிக்கையோடு சொல்கிறேன். உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை வெளியிடுகிறார். தறிச்சத்தத்துக்குப் பயந்து சன்னலை இறுகச் சாத்தினால், பதினைந்து பேர் ஒரு மணி நேரத்தில் நம் அறையில் அந்த வாயுவின் அளவைப் பத்து லட்சத்தில் 420 பங்கிலிருந்து 2,600-க்கு மேல் கொண்டுபோய்விடுவார்கள். 2012-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் 22 பேரைக்கொண்டு செய்த சோதனையில், 2,500-இல் முடிவெடுக்கும் திறன் வெகுவாகக் குறைந்தது. பின்னால் வந்த சோதனைகள் எல்லாம் அதை அவ்வாறே ஆமோதிக்கவில்லை. எனக்குப் புழுக்கம்தான் பெரிய குற்றவாளியாகத் தோன்றுகிறது. ஆளுக்கு ஏறத்தாழ 100 வாட் வெப்பம் என்றால், பதினைந்து பேரின் வெப்பம் ஓர் இஸ்திரிப் பெட்டியைவிட அதிகம். சித்திரை மாதத்தில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் கூரையும் அந்த நேரத்தில்தான் சூட்டைக் கீழே இறக்கும். தறி இருக்கும் பக்கத்துச் சன்னலை மட்டும் சாத்தி, எதிர்ப்பக்கத்தையும் கதவையும் திறந்து வைப்பது எங்கள் சமரசமாக இருந்தது.

இருக்கையின் பாதிப்பு உடலோடு நிற்பதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பெஞ்சில் முழங்காலை ஒடுக்கி உட்காரும்போதே, "நீ இன்னும் ஐந்தாம் வகுப்பு" என்று அந்தப் பலகை சொல்லிவிடுகிறது. கூச்சமும் கவலையும் செயல்நினைவைத் தின்னும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது: கணக்கைக் கண்டு அஞ்சுபவர்கள் கணக்குப் போடும்போது அவர்களின் செயல்நினைவு சுருங்குவதை மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் ஆகியோர் 2001-இல் காட்டினார்கள். 1963-இல் பிரேசிலின் ஆன்ஜிகோஸ் ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவு தர முயன்ற கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே, வகுப்பு என்ற பெயரையே விலக்கிவிட்டு அதைப் பண்பாட்டு வட்டம் என்றார். அரைவட்டமாகப் பாயில் உட்கார்ந்தால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிகிறது. வாயசைவைப் பார்த்து, மந்தமான காது தவறவிட்ட மெய்யொலியையும் பிடிக்கலாம்.

கற்ற இடமே நினைவோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. நீருக்கடியில் மனனம் செய்த சொற்கள் நீருக்கடியிலேயே நன்றாக நினைவுக்கு வந்தன என்ற 1975-ஆம் ஆண்டுச் சோதனை எல்லோரும் எடுத்துச் சொல்வது. ஆனால், 2021-இல் வெளியான மறுசோதனையில் அந்த விளைவு கிடைக்கவில்லை. அதைவிட நமக்குப் பயனுள்ளது, ஒரே பட்டியலை இரண்டு வெவ்வேறு அறைகளில் படித்தவர்கள், ஒரே அறையில் இருமுறை படித்தவர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்ற 1978-ஆம் ஆண்டு ஆய்வு. வகுப்பில் கற்ற எழுத்தைப் பேருந்துப் பலகையிலும், சனிக்கிழமைச் சம்பளக் கவரிலும், சந்தையிலும் மறுபடி படிக்கச் சொல்வதற்கு அதுவே போதுமான காரணம்.

ஜமுக்காளம் தொங்கி, பாய்கள் விளக்கடிக்கு நகர்ந்த பிறகும் சொல்வதெழுதுதலில் ல, ள, ழ மூன்றும் கலந்தே வந்தன. எட்டு மணிக்கு எதிர்க்குடோனில் ஷிப்ட் மாறும்போது தறிகள் கால் மணி நேரம் நிற்பது எனக்குத் தெரியாது. தறி ஓட்டுபவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் ஏழே முக்காலுக்கு நான் சொல்வதெழுதுதலைத் தொடங்கியபோது, அன்று புத்தகத்தை மூடிய அதே அம்மா சிலேட்டை மடியில் கவிழ்த்துவைத்துக்கொண்டு, "ஏனுங்க சார், தறி நின்னதும் சொல்லுங்க, எழுதறனுங்க" என்றார்.