பத்து சதவீதக் கணக்கு எலி மருந்துக்குப் பொருந்தாது

"மருந்தைத் தின்றது எலிதானே, பூனை தின்றது எலியைத்தானே, அதில் எவ்வளவு நஞ்சு இருந்துவிடப் போகிறது?" இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. படித்தவர்கள் கேட்டால் கூடவே பள்ளிப்பாடப் பிரமிடும் வரும்: உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படிக்கும் சுமார் 10 சதவீதம்தான் போகிறது, அப்படியானால் நஞ்சும் பத்தில் ஒன்றாகிவிடுமாம்.

ஆகாது. அந்தப் பத்து சதவீதம் ஆற்றலின் கணக்கு. எலி தின்ற தானியத்தின் ஆற்றலில் பெரும்பகுதி ஓடவும் மூச்சுவிடவும் உடல்சூட்டைக் காக்கவும் எரிந்துபோகிறது. உடம்பில் மிஞ்சுவது கொஞ்சம் என்பதால்தான் ஒரு கூகைக்கு இரவொன்றுக்கு மூன்று நான்கு எலிகளாவது தேவைப்படுகின்றன. எலி மருந்தில் உள்ள புரோடிஃபாகம், புரோமாடியோலோன் போன்ற நஞ்சுகள் அப்படி எரிந்துபோவதில்லை. ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். ஆற்றல் போதாமல் கூகை நிறையத் தின்கிறது, நிறையத் தின்பதால் நஞ்சு சேர்கிறது. நீங்கள் ஆறுதலுக்குச் சொல்லும் அதே விதிதான் அதைக் கொல்கிறது.

பழைய கதைதான் இது. 1950-களில் கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் பூச்சிக்காகக் கலந்த மருந்து, நீரில் பத்து லட்சத்தில் 0.02 பங்கு. மீன் தின்னும் முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில் அளந்தபோது 1,600 பங்கு!

எலி மருந்துக் கட்டியில் நஞ்சு 0.005 சதவீதம்தான். ஆனால் ரத்தம் உறையாமல் எலி சாக 3 முதல் 7 நாள் ஆகும். அதுவரை திரும்பத் திரும்ப வந்து தின்னும். கடைசியில் பகலிலேயே தள்ளாடித் திரியும். வேட்டையாடிக்கு அதைவிட எளிதான இரை ஏது? ஒரே எலியில் பூனை சாவது அரிது, ஒப்புக்கொள்கிறேன். வாரம் நான்கு என்றால் கதை வேறு.

பூனையின் ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். கட்டியையே தின்றுவிட்டதென்றால் அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்தான வைட்டமின் கே1 மூன்று நான்கு வாரமாவது கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் துள்ளி விளையாடுகிறது என்று நிறுத்துகிறவர்களை என்ன சொல்ல! (கே3 இதற்கு உதவாது.) துத்தநாக பாஸ்பைடு என்ற வேறு வகை எலி மருந்தைத் தின்றிருந்தால் கே1-ம் பயன்படாது. அது வயிற்றில் நச்சுவாயுவைக் கிளப்பும், வாந்தி எடுத்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

எலியை ஒழிக்க முதலில் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். 6 மில்லிமீட்டர் சந்து போதும், சுண்டெலி நுழைந்துவிடும். அடிப்பொறியை இரை வைத்த முனை சுவரைத் தொடும்படி வையுங்கள், எலி சுவரோரமாகத்தான் ஓடும். மருந்து வைத்தே ஆகவேண்டுமென்றால் பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். தினமும் கையுறையோடு செத்த எலிகளைத் தேடி ஆழமாகப் புதையுங்கள். எலி வருவது நின்றதும் மிச்சக் கட்டியை எடுத்துவிடுங்கள். தயவுசெய்து, மருந்து அட்டையை மட்டும் தூக்கி எறியாதீர்கள். எந்த நஞ்சு என்று தெரியாமல் மருத்துவர்களான எங்களால் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியாது.