வல்ட்-னா பங்கு இல்லைங்க, ஊராட்சி ஒன்றியம்

எஸ்டோனியாவுல இருக்கற குட்டி ஊர் எதைப் பத்தித் தமிழ்ல எழுதினாலும் முதல் வரியிலயே "இன்ன பங்கில் உள்ள கிராமம்"னு போட்டுடறாங்க. ஒண்ணு ரெண்டு தடவைன்னா விட்டுடலாம், பார்க்கிற இடமெல்லாம் இதேதான். அங்க எஸ்டோனியக்காரங்க எழுதற சொல் வல்ட். பங்குன்னா ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட வட்டாரம், வல்டுக்கும் சர்ச்சுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

வல்ட் பழைய ஜெர்மானிய மொழிவழி வந்தது, ஆட்சி, அதிகாரம்னு பொருள், பின்னிஷ்ல இருக்கற வல்தாவும் இதேதான். நம்ம வல்லமையோட ஒலி ஒத்துப்போகுதுன்னு உறவு கொண்டாட வேணாம். இன்னிக்கு வல்ட்னா பல ஊர்களைச் சேர்த்து, தேர்தல்ல வந்த ஒரே மன்றம் நிர்வாகம் பண்ற உள்ளாட்சி. 2017 சீர்திருத்தத்துல 213 உள்ளாட்சிகளை 79 ஆக்கினாங்க, அதுல 64 வல்ட், மீதி 15 நகரம்.

இங்கிலீஷ்ல இதை பாரிஷ்னு எழுதறாங்க, வம்பு அங்கதான் ஆரம்பிக்குது. இங்கிலாந்துல சர்ச் வட்டாரமே நாளடைவுல உள்ளாட்சி வட்டாரமாவும் ஆயிடுச்சு, அதனால அவங்களுக்கு ஒரே சொல் ரெண்டுக்கும் செல்லும். தமிழ்ல பங்குன்னா பங்குத்தந்தை, பங்கு மக்கள், இல்லைன்னா சொத்துல பங்கு, வேற என்ன தோணும்? இதுல பெரிய கொடுமை, எஸ்டோனியாவுல சர்ச் வட்டாரத்துக்குன்னே தனியா கிஹெல்கோண்ட்னு ஒரு சொல் இருக்கு. அதுல வர்ற கிஹ்ல்னா பிணை, கிறிஸ்தவம் வர்றதுக்கு முன்னாடியே இருந்த பிரிவு அது, பின்னாடிதான் சர்ச்சோடதாச்சு. ஹல்யலாங்கற பேர்ல கிஹெல்கோண்டும் உண்டு, வல்டும் உண்டு. ரெண்டையும் பங்குன்னு எழுதினா எதைச் சொல்றீங்கன்னு யாருக்கு விளங்கும்?

எஸ்டோனியாவுல கேஸ்முங்கற சிற்றூரை எடுத்துக்கங்க. வடகரையில பின்லாந்து வளைகுடாவுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கற நிலம், லஹெமா தேசியப் பூங்காவுக்குள்ள வருது, கடலோரம் எங்கும் பனியாறு ஒரு காலத்துல இழுத்துட்டு வந்து போட்ட பெரிய பெரிய பாறாங்கல்லு, 1884லருந்து 1931 வரைக்கும் மாலுமிப் பள்ளிக்கூடம் நடந்ததால கேப்டன்கள் ஊர்னு பேரு. 2017 வரைக்கும் விஹுலா வல்டுல இருந்துச்சு, அது ஹல்யலாவோட இணைஞ்சதுல இப்ப ஹல்யலா வல்ட். இதை "விஹுலா பங்கிலிருந்து ஹல்யலா பங்குக்கு மாறியது"னு எழுதினா ஊரே வேற சர்ச்சுக்குப் போயிடுச்சுன்னுதான் படிக்கிறவர் எடுத்துப்பார், நடந்ததோ வெறும் நிர்வாக இணைப்பு.

வட்டம்னு போடலாமேன்னு சிலர் சொல்றாங்க. வட்டம் வருவாய்த்துறைப் பிரிவு, தாசில்தார் இருப்பார், ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றம் கிடையாது, அதனால அதுவும் சரிப்படாது. ஊராட்சின்னா சொல் அழகா பொருந்துது, ஆட்சிங்கற மூலப்பொருளே உள்ள இருக்கு, ஆனா நமக்கு அது தனி ஊராட்சி அளவுலயே நின்னுடுது. ஊராட்சி ஒன்றியம்னா பல ஊர், ஆட்சி, தேர்தல் மூணும் வந்துடுது. இலங்கைக்காரங்க சொல்ற பிரதேச சபைன்னா பொருள் கிட்ட வரும்தான், ஆனா அது சபையோட பேரு, நிலப்பரப்போடது இல்ல, போதாததுக்கு பிரதேசம் வடசொல். நல்ல தமிழ் கையில இருக்கறப்ப அது எதுக்கு?

"கேஸ்மு, லேனே-விரு மாவட்டத்தின் ஹல்யலா ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த சிற்றூர்." இவ்வளவுதான் வேணும்.

மொழிபெயர்க்கிறவங்க இங்கிலீஷை மட்டும் பார்த்துட்டு மூலச்சொல்லைத் திரும்பிக்கூட பார்க்கறதில்ல. பக்கத்துலயே இருக்கற வோசு கிராமம் இல்ல, அலெவிக், அதாவது கிராமத்துக்கும் நகரத்துக்கும் நடுவுல உள்ள அளவு. அதையும் கிராமம்னே எழுதி வச்சிருக்காங்க. பேரூர்னு ஒரு சொல் நம்மகிட்ட இருக்கு, அதை எடுத்து எழுத என்ன கஷ்டம்?