எராஸ்மஸ் பரிமாற்றம்: கொழும்பிலிருந்து ஒரு செமஸ்டர் ஐரோப்பாவுக்கு

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் "ஐரோப்பாவில் படிக்கலாம்" என்று பலகை மாட்டியிருப்பவர்கள் சொல்வது முழுப் பட்டத்துக்கு வெளிநாடு போவதைப் பற்றி. இது வேறு. இங்கேயே கம்பஸில் படித்துக்கொண்டு, இடையில் ஒரு செமஸ்டரோ இரண்டோ ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்துவிட்டுத் திரும்பி வந்து இங்கேயே பட்டம் வாங்குவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் இதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. எராஸ்மஸ் 1987 இல் ஐரோப்பிய நாடுகளுக்குள் மட்டும் தொடங்கியது. இந்தப் பரிமாற்றப் பிரிவு 2015 இல் இலங்கை போன்ற வெளிநாடுகளின் மாணவர்களுக்கும் கதவைத் திறந்தது. இப்போது நடப்பது 2021 முதல் 2027 வரையான சுற்று.

பலரும் முதலில் தடுக்கி விழும் இடம் விண்ணப்பம். இதற்கு யாரும் தனியாளாக பிரசெல்ஸுக்கு விண்ணப்பிக்க முடியாது. பௌத்தாலோக மாவத்தையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத் தூதுக்குழு அலுவலகத்தில் கொடுத்தும் பயனில்லை. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று தன் நாட்டு எராஸ்மஸ் முகவரகத்திடம் பணம் கேட்டு வாங்கும். அந்த ஐரோப்பியப் பல்கலைக்கழகம் உங்கள் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கும். அந்த ஒப்பந்தத்தில் எந்தத் துறை, எத்தனை இடம், எத்தனை மாதம் என்று இருக்கும். அந்த இடங்களுக்குத்தான் உள்ளே தெரிவு நடக்கும். ஆகவே "இலங்கையருக்கு எராஸ்மஸ் கிடைக்குமா" என்று கேட்பதில் பயனில்லை. "என் பீடத்துக்கு இந்த வருடம் யாரோடு ஒப்பந்தம் இருக்கிறது" என்று கேட்க வேண்டும். கேட்க வேண்டிய இடம் உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச விவகாரப் பிரிவு. அறிவித்தல் வந்து இரண்டு வாரத்தில் மூடிவிடுவதும் உண்டு. அறிவித்தல் பலகையை மட்டும் நம்பியிருக்காதீர்கள், நேரில் போய்க் கேளுங்கள். இடையில் நின்று "எடுத்துத் தருகிறோம்" என்று காசு கேட்பவருக்கு இந்தச் சங்கிலியில் எந்த இடமும் இல்லை.

எராஸ்மஸ் முண்டுஸ் என்று இன்னொன்று இருக்கிறது. பெயர் ஒத்திருப்பதால் குழப்பம் வரும். அது முழு முதுமாணிப் பட்டம், குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பது, புலமைப்பரிசில் மாதம் 1,400 யூரோ. அதற்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். பட்டம் முடித்தவர்கள் அந்தப் பக்கம் பாருங்கள்.

சரி, பரிமாற்றத்தில் என்ன கிடைக்கும்? படிப்புக்காகப் போவதென்றால் 2 முதல் 12 மாதம் வரை இருக்கலாம். போகும் பல்கலைக்கழகம் கல்விக்கட்டணம், பதிவு, பரீட்சை, ஆய்வுகூடம், நூலகம் எதற்கும் உங்களிடம் காசு வாங்கக் கூடாது. காப்புறுதி, மாணவர் சங்கச் சந்தா போன்ற சில்லறைகளை, அந்த நாட்டு மாணவரிடம் வாங்கும் அளவுக்கு வாங்கலாம். அதற்கு மேல் வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகை: இந்தச் சுற்றில் நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ என்று வகுத்திருக்கிறார்கள். பயணப் பணம் தனி. அது டிக்கெட் விலையைப் பார்த்துத் தருவதில்லை. நேர்கோட்டுத் தூரத்தைப் பார்த்துத் தருவது. 4,000 இலிருந்து 7,999 கிலோமீற்றர் ஒரு படி, 8,000 க்கு மேல் இன்னொரு படி. கொழும்பிலிருந்து ரோமும் வார்சோவும் கீழ்ப் படியில் விழும், பாரிஸ் மேல் படிக்கு ஏறும். டிக்கெட் விலை இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை என்பது வேறு கதை. மாற்றுத்திறனாளி மாணவருக்கு மேலதிகச் செலவு இருந்தால், அதற்கான உதவியைத் தனியாகக் கேட்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. "பூச்சிய உதவித்தொகை" மாணவர் என்று ஒரு வகை இருக்கிறது: கட்டண விலக்கு உட்பட எல்லா உரிமையும் உண்டு, காசு மட்டும் இல்லை. தெரிவுக் கடிதம் வந்த சந்தோஷத்தில் அந்த வரியைப் பார்க்காமல் விடாதீர்கள். அடுத்தது, உதவித்தொகையின் முதல் தவணை பலருக்கு அங்கே போய்ச் சேர்ந்த பிறகே கைக்கு வருகிறது. டிக்கெட், விசா, முதல் மாத வாடகை, அறைக்கான முற்பணம் எல்லாம் அதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். வீட்டில் இதைப் பற்றி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இனி இந்தத் திட்டத்தின் முதுகெலும்புக்கு வருவோம். லேர்னிங் அக்ரிமென்ட், அதாவது கற்றல் ஒப்பந்தம். நீங்கள் அங்கே எந்தெந்தப் பாடம் எடுக்கிறீர்கள், அவை இங்கே எந்தெந்தப் பாடத்துக்குப் பதிலாகக் கணக்கில் எடுக்கப்படும் என்று எழுதி, நீங்களும் உங்கள் பல்கலைக்கழகமும் போகும் பல்கலைக்கழகமும் என மூன்று பேர் கையெழுத்திடும் தாள். புறப்படுவதற்கு முன்பே இடப்பட வேண்டும்.

இதில் கணக்கு ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல். ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேரம், வருடத்துக்கு 60. ஆக நம்முடைய ஒன்று அவர்களுடைய இரண்டு. இங்கே 15 கிரெடிட் உள்ள செமஸ்டரை விட்டுப் போகிறவர் அங்கே 30 எடுக்க வேண்டும். இது தெரியாமல் "15 போதும்" என்று நினைத்து அரைவாசிப் பாடங்களோடு போனால், திரும்பி வரும்போது பாதி செமஸ்டர் கடன்.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சிக்கு நடந்தது இன்னும் கொடுமை. கிரெடிட் கணக்கு சரி, பாடங்களும் நல்லவை, புள்ளிகளும் நல்லவை. ஆனால் இங்கே துறைத்தலைவர் "போய் வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று வாயால் சொன்னதை நம்பிப் போனார். தங்கச்சி திரும்பி வந்தபோது துறைத்தலைவர் கதிரையில் வேறொருவர். இரண்டு கட்டாயப் பாடங்களை ஜூனியர் பட்ச்சோடு உட்கார்ந்து மறுபடி படித்தார். அதனால் பீடத்தில் மூன்று விடயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தப் பாடத்துக்கு எது ஈடு, அங்கே எடுக்கும் கிரேட் இங்கே ஜீபிஏயில் (சராசரிப் புள்ளியில்) சேருமா அல்லது சித்தி என்று மட்டும் பதியப்படுமா, இதற்கு மூதவை (செனட்) அனுமதி தேவையா. வகுப்புச் சித்தியை எதிர்பார்ப்பவர்களுக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

அங்கே போன பிறகு நேர அட்டவணை மோதும், ஆங்கிலத்தில் என்று சொன்ன பாடம் இத்தாலிய மொழியில் நடக்கும், இதெல்லாம் சகஜம். பாடத்தை மாற்றலாம், ஆனால் முதல் சில வாரத்துக்குள், மறுபடி அதே மூன்று கையெழுத்தோடு. இங்கே கையெழுத்திட வேண்டியவரின் மின்னஞ்சலைப் போகுமுன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விசா விடயத்தில், 90 நாளுக்கு மேல் தங்குவதென்றால் சாதாரண ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகியகால விசா) போதாது. அந்தந்த நாட்டின் நீண்டகால விசா வேண்டும். ஜேர்மனி, பிரான்ஸ், இத்தாலி, நெதர்லாந்து ஆகியவற்றுக்குக் கொழும்பில் தூதரகம் இருக்கிறது. ஸ்பெயின் போன்ற சில நாடுகளுக்கு இலங்கை விவகாரத்தைப் பார்ப்பது புதுடெல்லித் தூதரகம். அப்படியானால் டெல்லிக்கு ஆளாகப் போக வேண்டுமா என்பதை முதலிலேயே விசாரியுங்கள். இந்திய விசா, இன்னொரு டிக்கெட், தங்கும் செலவு என்று பட்ஜெட் மாறிவிடும். பிறப்புச் சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்த்து, தூதரகம் கேட்டால் பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். விசா, காப்புறுதி, தங்குமிடம் மூன்றுக்கும் வழிகாட்டுவது போகும் பல்கலைக்கழகத்தின் கடமை. அது அவர்கள் செய்யும் தயவு அல்ல, தயங்காமல் கேளுங்கள்.

போய் இறங்கிய நாளையும் புறப்படும் நாளையும் குறிக்கும் வரவுச் சான்றிதழ் ஒன்று தருவார்கள். உதவித்தொகை நாள் கணக்கில் இந்தத் தாளை வைத்தே தீர்க்கப்படும். தங்கைக்குக் கல்யாணம் என்று மூன்று வாரம் முன்னதாக ஓடி வந்தால் அந்த மூன்று வாரக் காசைத் திருப்பிக் கேட்பார்கள்.

பெறுபேறு அங்கே வெளிவந்து 5 வாரத்துக்குள் அந்தப் பல்கலைக்கழகம் புள்ளிப்பட்டியலை அனுப்ப வேண்டும். அது கிடைத்து 5 வாரத்துக்குள் இங்கே கிரெடிட்டுகளை ஏற்க வேண்டும். ஆனால் பாடம் ஒன்றில் வழுக்கிவிட்டால் மறுபரீட்சை பல நாடுகளில் நீங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் வரும். அதை ஒன்லைனில் எழுத விடுவார்களா, அல்லது கொழும்பில் உங்கள் பீடத்தின் மேற்பார்வையில் எழுத விடுவார்களா என்ற கேள்வியைப் பாடம் தெரிவு செய்யும் நாளிலேயே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை ஒப்பந்தப் பிரதியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.