கொத்தணி: 'கிளஸ்டர்' என்ற சொல்லுக்குத் தமிழ்

கொத்தணி, பெயர்ச்சொல். ஒரே வலையமைப்பில் பிணைந்து, ஒரு கணிப்பைத் தங்களுக்குள் பங்கிட்டுச் செய்யும் கணினிகளின் தொகுதி. பயனர் ஒரு கணினிக்குள் மட்டுமே நுழைவார். மற்றவை பின்னால் நின்று வேலை செய்யும்.

'கிளஸ்டர்' பழைய ஆங்கிலச் சொல். காம்பொன்றில் நெருங்கித் தொங்கும் காய்களையும் பழங்களையும் குறித்தது. கணினித்துறையில் 1980களில் டிஇசி என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் 'வேக்ஸ்கிளஸ்டர்' வழியாகப் பரவியது. மலிவான மேசைக் கணினிகளுக்கு அந்த முறையைப் பொருத்தியவர்கள் நாசாவின் கொடார்ட் நிலையத்தில் பணியாற்றிய தோமஸ் ஸ்டேர்லிங்கும் டொனால்ட் பெக்கரும். 1994இல் 486 ரகச் செயலிகள் கொண்ட 16 கணினிகளைச் சாதாரண ஈதர்நெட்டால் இணைத்து, லினக்ஸ் நிறுவி, 'பேவுல்ஃப்' என்று பெயரிட்டார்கள். இன்றும் இவ்வகைக்கு அதுவே பெயர். 2003இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1,100 பவர் மேக் ஜி5 மேசைக் கணினிகளை அடுக்கி, உலகின் வேகமான கணினிகளின் தரவரிசையில் மூன்றாம் இடம் பிடித்தது. அடுத்த ஆண்டே அவற்றை எடுத்துவிட்டு சேர்வர் வகைக் கணினிகளை வைத்தார்கள். மேசைக் கணினியின் நினைவகத்தில் பிழை திருத்தும் வசதி இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட கணினிகள் நாள்கணக்கில் ஓடும்போது எங்கோ ஓர் இலக்கம் புரண்டு விடை கெடும். பத்துப் பதினாறு கணினிகளில் இந்த ஆபத்து குறைவு. ஆனாலும் ஒவ்வொன்றிலும் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரல் ஓர் இரவு ஓடவேண்டும்.

தமிழில் திரள், தொகுதி, கொத்து, கொத்தணி என்று நான்கு சொற்கள் புழங்குகின்றன. திரள் கூட்டத்தைத்தான் சொல்கிறது, பிணைப்பைச் சொல்வதில்லை. தொகுதி என்றால் தேர்தல் தொகுதிதான் முதலில் நினைவுக்கு வரும். கொத்து பொருத்தமான வேர்ச்சொல், ஒரு காம்பில் சேர்ந்திருப்பதைக் காட்டும். ஆனால் திருகோணமலையில் கொத்து என்றால் அரிசி அளக்கும் கொத்தும் கொத்து ரொட்டியும் முந்திக்கொள்ளும். கொத்தணியில் அந்தக் குழப்பம் இல்லை. 'அணி' சேரும்போது வரிசையும் ஒழுங்கும் பொருளுக்குள் வந்துவிடுகின்றன. 2020இல் மினுவாங்கொடை கொத்தணி, பேலியகொடை கொத்தணி என்று கொரோனாத் தொற்றுச் செய்திகளில் நாள்தோறும் படித்த இலங்கை வாசகருக்கு இது புதிய சொல்லும் அல்ல. ஆகவே எங்கள் பரிந்துரை கொத்தணி.

அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் 16 கணினிகளும் வெறும் 16 கணினிகள்தான். நிலாவெளி கோணேசபுரியில் உள்ள, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் போன்ற கடலோர இடத்தில், ஆய்வுகூடத்திலிருந்து கழித்த கணினிகளைக் கொத்தணியாக்க என்ன வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் மின்சாரம். திரையில்லாத மேசைக் கணினி முழுச்சுமையில் ஏறத்தாழ 120 வாற்று எடுக்கும் என்று கொண்டால், 16க்கு 1,920 வாற்று. 230 வோல்ற்றில் 8 அம்பியருக்குச் சற்று மேல். ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டாமல் இரண்டு மின்சுற்றுகளில் பிரிக்க வேண்டும். அந்த மின்சாரம் முழுவதும் வெப்பமாக வெளிவரும், மணிக்கு ஏறத்தாழ 6,500 பிரித்தானிய வெப்ப அலகு (பிடியு). கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அறைச் சூடும் சேர்வதால் 12,000 அலகுக் குளிரூட்டிக்குக் குறையக்கூடாது. வாடைக்காற்றுக் காலத்தில் தொல்லை வேறு விதம்: உப்பு ஈரம் நினைவகப் பலகையின் பொன்னிறத் தொடுமுனைகளில் படியும், கணினி பீப் ஒலி எழுப்பி நின்றுவிடும். பலகையைக் கழற்றி ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்துப் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகும். குளிரூட்டி ஓடும் அறையின் ஜன்னலைத் திறக்கவே வேண்டாம்.

இனி இணைப்பு. 24 வாயில் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று, கேட்6 வயர்கள், தலைக்கணுவுக்கு மட்டும் இரண்டு நெட்வொர்க் அட்டைகள் (கணு என்பது கொத்தணியின் ஒவ்வொரு கணினி, தலைக்கணு பயனர் நுழையும் கணினி): ஒன்று வளாக வலையமைப்புக்கு, மற்றது உள்வலைக்கு. எல்லாவற்றிலும் ஒரே பதிப்பு லினக்ஸ், நிலையான ஐபி முகவரி. பயனர் கோப்புகள் இருக்கும் தலைக்கணுவின் ஹோம் அடைவை என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாக எல்லாக் கணுக்களுக்கும் பகிர வேண்டும். ஒரு கணுவிலிருந்து இன்னொன்றில் நுழையக் கடவுச்சொல் கேட்காத எஸ்எஸ்எச் சாவி, கணுக்கள் தமக்குள் தரவு பரிமாற ஓப்பன் எம்பிஐ, வேலைகளை வரிசைப்படுத்த ஸ்லேர்ம். பயனர் எண் எல்லாக் கணுவிலும் ஒன்றாக இருக்கவேண்டும்; இல்லையேல் தன் கோப்பையே எழுத அனுமதி கிடைக்காது. கடிகாரங்களைக் குரோனி என்ற நிரல் ஒத்திசைக்கவேண்டும். நேரம் சில நிமிடம் விலகினாலே ஸ்லேர்மின் அடையாளச் சரிபார்ப்பான மஞ்ச் கணுவை ஏற்காது.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம், உபுண்டு லினக்ஸில் கணினிப் பெயர்களுக்கு முகவரி எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு. நிறுவும்போதே அது கணினியின் பெயரை 127.0.1.1 என்ற, கணினி தன்னையே குறிக்கும் முகவரிக்குக் கட்டிவிடுகிறது. அந்த வரி இருந்தால் கணு தன்னை வெளியில் அறிவிக்கும் முகவரி தவறாகப் போகலாம். வேலை தொடங்கும், பிழைச் செய்தி ஒன்றும் வராது, அப்படியே உறைந்து நிற்கும். வரியை நீக்கி உள்வலை முகவரியை எழுதவேண்டும். அதே உறைவு, உள்வலையில் ஃபயர்வால் இருந்தாலும், எம்பிஐ தலைக்கணுவின் தவறான அட்டையைத் தேர்ந்தாலும் வரும். எந்த அட்டை என்பதை நாமே கட்டளையில் குறிப்பிடுவது நல்லது.

மின்வெட்டுக்குப் பிறகு எல்லாம் தாமாக எழும்படி பயோஸில் அமைப்பது வசதியாகத் தோன்றும். ஆனால் தலைக்கணுவுக்கு முன் மற்றவை எழுந்தால் பகிர்ந்த அடைவு கிடைக்காமல் தடுமாறும். தலைக்கணு மட்டும் தானாக எழட்டும்; மற்றவற்றை அது வலையமைப்பு வழியே அனுப்பும் 'வேக் ஆன் லேன்' கட்டளையால் ஒவ்வொன்றாக எழுப்பட்டும். தலைக்கணுவுக்கும் ஸ்விட்சுக்கும் யூபிஎஸ் கட்டாயம்.

வேகத்தை அளக்க, பெரிய சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்த்துப் பார்க்கும் லின்பேக் நிரல். அது கையாளும் எண் அணியின் (மேட்ரிக்ஸ்) அளவை மொத்த நினைவகத்தில் 80 விழுக்காட்டுக்குப் பொருத்துவது வழக்கம். எடுத்துக்காட்டாக, 8 ஜிபி உள்ள 8 கணினிகளுக்கு அது ஏறத்தாழ 82,900 வரிசைகள். அணியைப் பிரிக்கும் துண்டளவு 192 என்றால் அதன் மடங்கான 82,752ஐக் கொடுக்கலாம். ஒவ்வொன்றிலும் 4 செயலிக் கருக்கள் (கோர்) இருந்தால் மொத்தம் 32, அவற்றை 4க்கு 8 என்று அடுக்கவேண்டும். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தால் கணுக்களைத் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். தூசி அடைத்த விசிறியால் சூடேறிய ஒரு கணு வேகம் குறைந்தால், மற்ற ஏழும் அதற்காகக் காத்திருக்கும்.

கணினிகளைக் கூட்டினால் வேகமும் அதே அளவு கூடும் என்று எண்ணவேண்டாம். நிரலில் 5 விழுக்காடு பிரிக்க முடியாத பகுதியென்றால், அம்டால் விதிப்படி 16 கணினிகள் தருவது 9 மடங்குதான். எத்தனை சேர்த்தாலும் 20ஐத் தாண்டாது. நடுவில் தொடர்பே தேவைப்படாத ஆயிரம் தனிக் கணிப்புகளுக்குக் கிகாபிட் போதும். கடலலை, வானிலை மாதிரிகளில் அண்டைக் கணுக்கள் ஒவ்வொரு படியிலும் தரவு மாற்றுவதால் வலையமைப்பின் தாமதம் நேரத்தைத் தின்னும்.

துணைச் சொற்கள்: 'நோட்' என்பதற்குக் கணு. இலத்தீன் மூலத்தில் முடிச்சு என்று பொருள். கரும்பின் கணுவும் அந்தக் கருத்துக்கு மிக அருகில் நிற்கிறது. 'ஹெட் நோட்' தலைக்கணு. 'சூப்பர் கம்ப்யூட்டர்' மீக்கணினி. 'மீ' என்றால் மேல். எல்லாக் கொத்தணியும் மீக்கணினி அல்ல. ஆனால் இன்றைய பெரிய மீக்கணினிகள் பெரும்பாலும் கொத்தணிகளே. முழு அமைப்பைக் கணினிக் கொத்தணி என்றும் அதில் ஒன்றைக் கொத்தணிக் கணு என்றும் எழுதலாம். இரண்டிலும் 'க்' மிகும்.