சிலந்திக்கு ஏது மார்பு?

‘சிலந்தியின் உடல் தலைமார்பு, வயிறு என இரு பகுதிகளால் ஆனது.’ பாடநூல், வினாடி வினா, ஆவணப்படம் என எங்கு போனாலும் இதே வரிதான். இறாலுக்குப் பொருந்தும் சொல்லைச் சிலந்திக்கும் தேளுக்கும் மாட்டிவிடுகிறார்கள்.

சொல்லின் பிறப்பு எளிது. கிரேக்கத்தில் ‘கெஃபலே’ தலை. ‘தோராக்ஸ்’ மார்புக் கவசம். இரண்டும் சேர்ந்து செஃபலோதோராக்ஸ். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது தலைமார்பு. தமிழில் இது உம்மைத்தொகை: தலையும் மார்பும். தனித்தனியே இருந்த இரண்டு ஒட்டிக்கொண்டன என்று இந்தச் சொல் அடித்துச் சொல்கிறது.

இறாலில் அது உண்மை. ஓட்டைக் கழற்றி எண்ணிப் பாருங்கள். தலைக்குரிய உறுப்புகள் 5 இணை: உணர்கொம்பு 2, தாடை 1, துணைத்தாடை 2. அடுத்து மார்புக்குரியவை 8 இணை: தாடைக்கால் 3, நடைக்கால் 5. மொத்தம் 13 இணையும் ஒரே ஓட்டின் கீழ்.

சிலந்தியிலோ 6 இணைதான்: நச்சுப்பல் தாங்கும் செலிசெரா, அதை அடுத்துள்ள தொடு உறுப்பான பெடிபால்ப், 4 இணைக் கால்கள். இதில் தலை எங்கே முடிகிறது? கணுக்காலிகளின் உடல் வரிசையான துண்டுகளால், அதாவது கண்டங்களால், ஆனது. சிலந்தி உணர்கொம்புக் கண்டத்தையே இழந்துவிட்டது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1998-இல் சிலந்திக் கருவிலும் சிற்றுண்ணிக் கருவிலும், எந்தக் கண்டம் என்னவாக வளரும் என்று தீர்மானிக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் இயங்கும் இடங்களைப் பார்த்தபோது அந்தக் கணக்கு சரிந்தது. எந்தக் கண்டமும் தொலையவில்லை. செலிசெரா இருப்பது பூச்சியின் உணர்கொம்புக் கண்டத்தில். முதல் கால் இருப்பது தாடைக் கண்டத்தில். மூன்றாம் கால் இருப்பது கீழுதட்டுக் கண்டத்தில். பூச்சியின் தலை அங்கே முடிகிறது. நான்காம் கால் மட்டுமே பூச்சியின் முதல் மார்புக் கண்டத்துக்கு நேர்.

‘அந்த ஒன்று மார்புதானே, தலைமார்பு என்றால் என்ன குறை?’ என்று கேட்பார்கள். குறை இதுதான்: சிலந்தியில் மூன்றாம் காலுக்கும் நான்காம் காலுக்கும் இடையே எந்த எல்லையும் இல்லை. முதுகோட்டில் ஒரு பள்ளம் உண்டு. அது விழுவது வேறு இடத்தில். கணுக்காலிகளின் தலை, உடற்கண்டங்கள் ஒவ்வொன்றாக முன்பகுதியோடு சேர்ந்து வளர்ந்தது. கணுக்காலிகளின் நெருங்கிய உறவான வெல்வெட் புழுவின் தலையில் 3 கண்டங்கள், பூச்சியின் தலையில் 6. பூச்சியின் மரபில் கால்கள் தாடைகளாயின; சிலந்தியின் மரபில் அதே கண்டங்களில் கால்கள் கால்களாகவே நின்றன. சிலந்தியில் தனித் தலையும் தனி மார்பும் உருவாகி இணைந்ததாகச் சொல்ல இடமே இல்லை. இதே காரணத்தால் வெறுமனே ‘தலை’ என்பதும் சரிவராது.

துறையில் இதற்கு வழங்கும் சொல் புரோசோமா: ‘புரோ’ முன், ‘சோமா’ உடல். தமிழில் முன்னுடல். தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்து இயல்பாகப் புணர்கிறது. எதையும் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அதன் இணை பின்னுடல். ‘ஆங்கில நூல்களிலேயே செஃபலோதோராக்ஸ் என்றுதானே இருக்கிறது’ என்பது மொழிபெயர்ப்பாளர்களின் வழக்கமான பதில். அங்குள்ள பழைய பிழையைச் சுமந்து வருவதா நம் வேலை? அகராதியைப் புரட்டுமுன் விலங்கின் கால்களை எண்ணியிருக்க வேண்டாமா?

‘வயிறு’ இன்னும் மோசம். சிலந்தியின் உறிஞ்சு இரைப்பை இருப்பது முன்னுடலில். ‘வயிறு’ என்று இவர்கள் எழுதும் பகுதியில் இருப்பவை இதயம், ஏட்டு நுரையீரல், பட்டுச் சுரப்பிகள்.