கடலில் ஆபத்து என்றால் யாரை, எப்படி அழைப்பது? 1554, மேடே, ஆபத்து அறிவிப்புக் கருவி

கரையில் 112, 108 என்ற எண்கள் எல்லோருக்கும் தெரியும். கடலில் உயிர் காக்கும் பொறுப்பு இந்தியக் கடலோரக் காவல் படையுடையது. அதன் கட்டணமில்லா எண் 1554. இந்தியாவின் தேடல் மீட்புப் பரப்பு சுமார் 46 லட்சம் சதுர கிலோமீட்டர். அதை மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய மூன்று ஒருங்கிணைப்பு மையங்கள் 24 மணி நேரமும் கவனிக்கின்றன. வங்கக் கடலிலும் மன்னார் வளைகுடாவிலும் இருப்பவர்களுக்கு சென்னை மையம். அரபிக் கடலுக்குள் தங்கலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போகும் குமரி மாவட்டப் படகுகளுக்கு மும்பை மையம். கரையோரத்தில் சந்தேகத்துக்குரிய படகோ ஆளோ தென்பட்டால் 1093-ல் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்குச் சொல்லலாம். ஆனால் படகு மூழ்குகிறது, ஆளைக் காணவில்லை என்றால் முதல் அழைப்பு 1554-க்குத்தான் போக வேண்டும்.

மீட்கப்படுவது யாரும் செய்யும் சலுகை அல்ல. 1979-ம் ஆண்டின் பன்னாட்டுத் தேடல் மீட்பு உடன்படிக்கைப்படி, கடலில் ஆபத்தில் இருப்பவர் எந்த நாட்டவர், என்ன நிலையில் இருக்கிறார் என்று பார்க்காமல் உதவ வேண்டும். அருகில் போகும் வணிகக் கப்பலுக்கும் இந்தக் கடமை உண்டு. படகில் பதிவுச் சீட்டு இல்லை, டோக்கன் (கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதிச் சீட்டு) போடாமல் வந்துவிட்டோம், எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று பயந்து அழைப்பைத் தள்ளிப்போடவே கூடாது. அந்தக் கணக்கெல்லாம் கரைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: கடலோரக் காவல் படையின் முதல் வேலை ஆட்களைக் காப்பது. படகை இழுத்து வருவது காற்றையும் அலையையும் பொறுத்தது.

கைபேசி எதுவரை உதவும்?

1554-ஐ கைபேசியில் அடிக்க இந்தியக் கோபுரத்தின் சிக்னல் வேண்டும். கரையை விட்டுச் சில கடல் மைல் போனதுமே அது அறுந்துவிடும். தனுஷ்கோடி, ராமேசுவரம் பக்கம் வேறு சிக்கல். அங்கே கைபேசி சில நேரம் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் நான்கு இலக்கக் குறுஎண் போகும் என்று நம்ப முடியாது. அதனால் சென்னை அல்லது மும்பை மையத்தின் முழுத் தொலைபேசி எண்ணை மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டு, கைபேசியில் பதிவதோடு டிரைவர் நிற்கும் இடத்தில் பெயின்ட்டிலும் எழுதி வையுங்கள். செயற்கைக்கோள் தொலைபேசி வாங்குவோர் பி.எஸ்.என்.எல். வழியாக அனுமதி பெற்ற கருவியைத்தான் வைத்திருக்கலாம். துரையா, இரிடியம் கருவிகளுக்கு இந்தியாவில் அனுமதி கிடையாது. வெளிநாட்டில் இருந்து யாராவது வாங்கி வந்து கொடுத்தாலும் வழக்கில் கொண்டுபோய் விடும்.

அரசு தரும் கருவிகள்

இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவியை மீனவர்கள் 'டாட்' என்பார்கள். இது 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. 20,000-க்கு மேற்பட்ட படகுகளுக்குப் போயிருக்கிறது. பொத்தானை அழுத்தினால் படகு நிற்கும் இடமும் ஆபத்தின் வகையும் செயற்கைக்கோள் வழியாக பெங்களூருவில் உள்ள இந்தியக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகும். அங்கிருந்து கடலோரக் காவல் படையின் மையத்துக்குத் தகவல் போய்ச் சேரும்.

முதல் தலைமுறைக் கருவிக்கு ஒரு பெரிய குறை இருந்தது. அனுப்பிய செய்தி கரைக்குப் போனதா இல்லையா என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. நடுக்கடலில், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், இதைவிடக் கொடிய நிச்சயமின்மை வேறு இல்லை. 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவி இதைச் சரிசெய்கிறது: செய்தி கிடைத்ததற்கான ஒப்புதல் படகுக்குத் திரும்பி வரும். புளூடூத் மூலம் கைபேசியோடு இணைத்தால் கரையிலிருந்து வரும் செய்தியை நம் மொழியிலேயே படிக்கலாம். புயல், சுனாமி எச்சரிக்கையும் மீன் கிடைக்கும் இடம் பற்றிய தகவலும் இதே வழியில் வரும்.

இதோடு இன்னொரு திட்டமும் நடக்கிறது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு தொடர்பு கொள்ளும் கருவி) பொருத்தும் பணி 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. திட்ட மதிப்பு சுமார் 364 கோடி ரூபாய். விசைப்படகுக்கும், எஞ்சின் பொருத்திய நாட்டுப்படகுக்கும் இலவசம். கைபேசிச் சிக்னல் இல்லாத இடத்திலும் கரைக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், ஆபத்துப் பொத்தானை அழுத்தலாம், கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை கிடைக்கும். உங்கள் படகுக்கு இன்னும் பொருத்தவில்லை என்றால் படகின் பதிவுச் சான்று, உரிமையாளரின் ஆதார் நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். பதிவில் பழைய உரிமையாளர் பெயரே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஆபத்துச் செய்தி வந்ததும் கரையில் இருப்பவர்கள் முதலில் தேடுவது பதிவில் உள்ள தொடர்பு எண்ணைத்தான். அது படகை விற்றுவிட்டுப் போனவரின் எண்ணாக இருந்தால், படகில் எத்தனை பேர், எப்போது கிளம்பினார்கள் என்று கேட்க ஆள் இருக்காது.

20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள மீன்பிடிக் கப்பல்களுக்கு ஏ.ஐ.எஸ். கருவி (கப்பலின் அடையாளத்தையும் இடத்தையும் சுற்றியுள்ள கப்பல்களுக்குத் தானாகவே அறிவிப்பது) கட்டாயம். அதை அணைத்து வைத்துவிட்டு ஓடினால் பக்கத்துக் கப்பலுக்கு நீங்கள் இருப்பதே தெரியாது.

வயர்லெஸ்: 16-ம் சேனல்

கருவிகள் எத்தனை வந்தாலும், பக்கத்தில் உள்ள படகைச் சில நிமிடத்தில் வரவழைப்பது வி.எச்.எஃப். வயர்லெஸ்தான். உலகம் முழுவதும் ஆபத்து அழைப்புக்கான சேனல் 16, அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ். பேச்சுக்கு மூன்று தரம் உண்டு. உயிருக்கோ படகுக்கோ உடனடி ஆபத்து என்றால் 'மேடே'. அவசரம், ஆனால் உயிர் இப்போதே போய்விடாது என்றால் 'பான் பான்': எஞ்சின் நின்று அமைதியான கடலில் மிதப்பது, ஆளுக்குக் கை முறிந்தது போன்றவை. மற்றவர்களுக்கு எச்சரிக்கை என்றால் 'செக்யூரிட்டே': மிதக்கும் கன்டெய்னர், எரியாத விளக்கு மிதவை. மூன்றையும் மும்முறை சொல்லித் தொடங்க வேண்டும். பான் பான் சொன்ன பிறகு காற்று ஏறி, படகு பாறைப் பக்கம் ஒதுங்கினால் அதே அழைப்பை மேடே ஆக்கலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

16-ல் கேட்டுக்கொண்டிருக்கும் வணிகக் கப்பலில் தமிழ் தெரிந்தவர் இருக்க வாய்ப்பு குறைவு. ஆகவே முதலில் ஆங்கிலத்தில், பிறகு பக்கத்துப் படகுகளுக்காகத் தமிழில் சொல்லுங்கள். கீழே உள்ளதை உங்கள் படகின் பெயர், எண்ணோடு எழுதி வயர்லெஸ் பெட்டி பக்கத்தில் ஒட்டி வைக்கலாம்:

மேடே, மேடே, மேடே.
திஸ் இஸ் ஃபிஷிங் போட் (பெயர் மூன்று முறை), (பதிவு எண்).
மேடே, (பெயர்).
பொசிஷன்: எயிட் டிகிரிஸ், த்ரீ சிக்ஸ் டெசிமல் ஃபோர் மினிட்ஸ் நார்த், செவன் எயிட் டிகிரிஸ், டூ எயிட் டெசிமல் டூ மினிட்ஸ் ஈஸ்ட்.
வீ ஆர் சிங்க்கிங். நீட் இமீடியட் ரெஸ்க்யூ.
செவன் பெர்சன்ஸ் ஆன் போர்ட்.
ஓவர்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பாதியில் பேட்டரி போய்விட்டாலும் யார், எங்கே என்ற இரண்டும் போய்ச் சேர்ந்திருக்கும். என்ன நடந்தது என்ற கதையில் தொடங்கினால் அந்த இரண்டும் கடைசிக்குத் தள்ளப்பட்டுவிடும். 'ஓவர்' சொன்னதும் மைக்கின் பொத்தானை விட்டுவிட வேண்டும். அழுத்தியபடியே இருந்தால் பதில் கேட்காது, வேறு யாரும் அந்தச் சேனலில் பேசவும் முடியாது. பதில் இல்லையென்றால் செட் அதிக சக்தியில் இருக்கிறதா, நிஜமாகவே 16-ல்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி சொல்லுங்கள். நம் படகுகள் பெரும்பாலும் ஊர்ப் பேச்சுக்கு என்று வேறொரு சேனலில் இருக்கும். மேடேயை அங்கே சொன்னால் ஊர்ப் படகுகளுக்குக் கேட்கும், கப்பலுக்கோ காவல் படைக்கோ கேட்காது. இரண்டிலும் சொல்லுங்கள், 16-ல் முதலில்.

வி.எச்.எஃப். நேர்கோட்டில் போகும் அலை. ஆன்டெனா எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் போகும். படகின் கூரையில் படுத்துக் கிடக்கும் ஆன்டெனாவை நிமிர்த்திக் கட்டுவது, புதிய செட் வாங்குவதைவிட அதிகப் பலன் தரும். உப்பேறிப் பச்சை பிடித்த கேபிள் முனைதான் பல செட்டுகளை ஊமையாக்குகிறது.

வேறொரு படகின் மேடே உங்களுக்குக் கேட்டு, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்றால் 'மேடே ரிலே' என்று மூன்று முறை சொல்லி, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் 16-ல் வேறு பேச்சு கூடாது.

இடத்தைச் சொல்வதில் நேரும் தவறு

மேலே சொன்ன புள்ளி தூத்துக்குடிக்குத் தென்கிழக்கே சுமார் 22 கடல் மைலில் இருக்கிறது. ஜி.பி.எஸ். திரையில் 8°36.4' என்று இருப்பதை அவசரத்தில் 'எட்டு புள்ளி மூன்று ஆறு நான்கு' என்று படித்தால், கேட்பவர் 8.364 டிகிரி என்று எழுதிக்கொள்வார். அது 8 டிகிரி 21.84 மினிட். வித்தியாசம் 14.56 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 27 கிலோமீட்டர். அவ்வளவு தெற்கே தள்ளிப் போய்க் கப்பல் தேடும். அதனால் 'டிகிரி', 'மினிட்' என்ற சொற்களை விடாமல் சொல்லுங்கள். இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கூடவே தெரிந்த துறைமுகத்திலிருந்து எந்தத் திசையில் எத்தனை கடல் மைல் என்றும் சொன்னால், எண்ணில் பிழை இருந்தால் கேட்பவருக்கே பிடிபடும். எத்தனை மணிக்கு அந்த இடத்தில் இருந்தீர்கள் என்பதும் முக்கியம். நீரோட்டத்தில் படகு நகர்ந்துகொண்டே இருக்கும். ஆள் தவறி விழுந்தால், திரும்பிப் பார்ப்பதற்கு முன் ஜி.பி.எஸ்.ஸில் 'எம்.ஓ.பி.' பொத்தானை அழுத்தி இடத்தைக் குறித்துவிட வேண்டும்.

எல்லை பக்கத்தில் எஞ்சின் நின்றுவிட்டால், படகு ஒதுங்கும் முன்பே பான் பான் சொல்லுங்கள், கருவியிலும் செய்தி அனுப்புங்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் பழுதானது என்ற பதிவு கரையில் இருக்கும். எல்லை தாண்டிய பிறகு சொல்லும் விளக்கத்தைவிட அந்தப் பதிவுக்கு மதிப்பு அதிகம்.

கண்ணுக்குத் தெரியும் குறிகள்

1972-ம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளின் நான்காம் இணைப்பு, ஆபத்துக் குறிகள் எவை என்று பட்டியலிடுகிறது. சிவப்பு ஒளி வாணம், ஆரஞ்சுப் புகை, படகில் தீப்பந்தம் போல எரியும் எண்ணெய்ப் பீப்பாய், இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசைப்பது, விளக்கில் மூன்று குறில் மூன்று நெடில் மூன்று குறிலாக எஸ்.ஓ.எஸ். எல்லாம் அதில் உண்டு. கரையில் ஆளைக் கூப்பிடுவது போல ஒரு கையை ஆட்டினால், தூரத்துக் கப்பல் வணக்கம் சொல்வதாக எடுத்துக்கொண்டு போய்விடும். இரு கைகளும் வேண்டும், மெதுவாக வேண்டும்.

பாராசூட் வாணம் 300 மீட்டருக்குக் குறையாமல் ஏறி, 40 விநாடியாவது எரியும். கைவாணம் ஒரு நிமிடம் எரியும். புகைக் குடுவை மூன்று நிமிடம், அதுவும் பகலில் மட்டும் உதவும். நேரக் கணக்கைப் பார்த்தாலே தெரியும், கண்ணுக்கெட்டிய தூரத்தில் கப்பலோ விமானமோ இல்லாதபோது கொளுத்துவது வீண். வந்தவுடன் ஒன்று, சிறிது இடைவெளியில் இன்னொன்று: முதலாவது கவனத்தை இழுக்கும், இரண்டாவது திசையைக் காட்டும். கைவாணத்தைக் காற்று போகும் பக்கம், படகின் விளிம்புக்கு வெளியே நீட்டிப் பிடிக்க வேண்டும். டீசல் கேன் பக்கத்தில் கூடாது. வாணத்தின் மீது அச்சிட்ட காலாவதித் தேதி பெரும்பாலும் மூன்று ஆண்டு. அதன் பிறகு ஈரம் ஏறி நமுத்துப்போயிருக்கலாம். பழையதைக் கோயில் திருவிழாவில் கொளுத்தும் பழக்கம் வேண்டாம். அதைப் பார்த்து உண்மையிலேயே தேடக் கிளம்பிவிடுவார்கள்.

கரையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

படகு திரும்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டால் மறுநாள் வரை காத்திருக்காமல் 1554-ல் சொல்லுங்கள். கேட்கும் விவரங்கள் முன்கூட்டியே வீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்: படகின் பெயர், எண், நிறம், நீளம், எத்தனை பேர், யார் யார், எந்தத் துறையில் கிளம்பியது, எந்தப் பக்கம் போவதாகச் சொன்னார்கள், எத்தனை நாளுக்கு டீசலும் ஐஸும் ஏற்றினார்கள். இந்த கடைசி விவரம்தான் தேட வேண்டிய வட்டத்தைச் சுருக்குகிறது. 2017-ல் ஒக்கி புயலில் குமரிக் கரையிலிருந்து போன தங்கல் படகுகள் ஆழ்கடலில் சிக்கிக்கொண்டன. யார், எந்தப் படகில், எங்கே என்று தெரியாமல் குடும்பங்கள் தவித்தன.

தவறுதலாக அழுத்திவிட்டால்

பயந்து கருவியை அணைத்து ஒளித்து வைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அதைச் செய்யாதீர்கள். கருவி திடீரென்று அடங்கினால் படகு மூழ்கிவிட்டது என்றுதான் கரையில் நினைப்பார்கள். கப்பலும் விமானமும் கிளம்பிவிடும். 16-ம் சேனலில் படகின் பெயரையும் எண்ணையும் சொல்லி, தவறுதலான அழைப்பு, ரத்து செய்யுங்கள் என்று அறிவியுங்கள். சிக்னல் இருந்தால் 1554-லும் சொல்லுங்கள், இல்லையென்றால் சிக்னல் உள்ள படகு வழியாகச் சொல்லச் சொல்லுங்கள். கருவியிலேயே செய்தி அனுப்பும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். தெரியாமல் நடந்ததை உடனே சொன்னால் அது அங்கேயே முடிந்துவிடும். வேண்டுமென்றே பொய்யாக ஆபத்துக் குறி காட்டுவதுதான் விதிப்படி தடைசெய்யப்பட்டது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்க்கும்போது, கருவியின் பேட்டரித் தேதி, சோதனை விளக்கு, ஆன்டெனா முனை, வாணத்தின் காலாவதி, பதிவில் உள்ள தொடர்பு எண் ஆகிய ஐந்தையும் அதே வாரத்தில் பார்த்துவிடுங்கள். சோதனைப் பொத்தானும் ஆபத்துப் பொத்தானும் வேறு வேறு. எது எது என்று டிரைவருக்கு மட்டுமல்ல, படகில் ஏறும் கடைசிப் பையனுக்கும் தொட்டுக் காட்டி வையுங்கள்.